நெடுஞ்சாலையில் ஏறும்போது யார் முதலில் போவது? செட்டிநாட்டுச் சாலைகளை வைத்துச் சில கேள்வி பதில்கள்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு வரும் சாலை, மேலூரிலிருந்து திருப்பத்தூர் பக்கமாக வரும் நான்குவழிச் சாலை, தேவகோட்டை தாண்டி ராமநாதபுரம் போகும் சாலை எல்லாமே முன்னைவிட வேகமாகிவிட்டன. இவற்றில் வந்து சேரும் ஊர்ச் சாலைகள் மட்டும் பழையபடிதான் இருக்கின்றன. கண்மாய்க் கரையோடு வளைந்து, சீமைக் கருவேலத்துக்குள் புகுந்து, திடீரென்று மெயின் ரோட்டின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். டிவிஎஸ் ஃபிஃப்டியில் வயலுக்குப் போகிறவரும், முகூர்த்தத்துக்குச் சென்னையிலிருந்து விடிய விடிய ஓட்டிக்கொண்டு வந்தவரும் அந்த ஒரே இடத்தில்தான் சந்திக்கிறார்கள். ‘விலக்கு’ என்று நாம் சொல்லும் இந்தச் சேருமிடங்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

விலக்கிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுகிறேன். யாருக்கு முன்னுரிமை?

நெடுஞ்சாலையில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவருக்குத்தான். இதில் பேச்சுக்கே இடமில்லை. பிரதான சாலை என்று குறிக்கப்பட்ட சாலையில் நுழைகிறவர், அதில் வருகிற வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் நிலை இதுதான். வீட்டு வாசல், பெட்ரோல் பங்க், ஓட்டல், கல்யாண மண்டபம் என்று எங்கிருந்து சாலையில் ஏறினாலும் காத்திருக்க வேண்டியது ஏறுகிறவர்தான்.

“நான் முதலில் வந்து நிற்கிறேன்”, “என் வண்டி பெரிய வண்டி”, “பாதி மூக்கை நீட்டிவிட்டேன், இனி அவன்தான் நிற்க வேண்டும்” என்பதெல்லாம் நம் ஊர் வழக்கம். விதியில் அப்படி எதுவும் கிடையாது.

எது மெயின் ரோடு என்று எப்படித் தெரிந்துகொள்வது? சில இடத்தில் ஊர்ச் சாலையும் அகலமாகத்தானே இருக்கிறது?

முதலில் பலகையைப் பாருங்கள். தலைகீழ் முக்கோணம், வெள்ளைப் பரப்பு, சிவப்பு விளிம்பு இருந்தால் ‘வழிவிடு’ என்று பொருள். எட்டு மூலையுள்ள சிவப்புப் பலகை என்றால் சாலை காலியாகவே இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். இந்தப் பலகை உங்கள் பக்கம் இருந்தால் உங்களுடையது கிளைச் சாலை. பல விலக்குகளில் பலகை கொடி படர்ந்து மறைந்திருக்கும், இல்லையென்றால் அதன் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும். முக்கோணத்துக்கும் எட்டு மூலைக்கும் தனி வடிவம் கொடுத்ததே, எழுத்து தெரியாவிட்டாலும் ஆளுக்குப் புரியட்டும் என்றுதான்.

கிலோமீட்டர் கல்லும் துப்பு கொடுக்கும். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஊர்ச் சாலைகளில் ஆரஞ்சு நிறக் கல்லைப் பார்க்கலாம்.

பலகையும் இல்லை, இரண்டும் ஒரே மாதிரிச் சாலை. அப்போது?

வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், முச்சந்தியில் நம்மேல் முதலில் வந்து மோதக்கூடியது வலப்பக்கத்து வண்டிதான். விதியும் அதையொட்டித்தான் இருக்கிறது. ரவுண்டானாவிலும் இதே கணக்கு. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர் உங்களுக்கு வலப்பக்கமாகத்தான் வருவார், அவர் போன பிறகு நுழையுங்கள்.

இது ஊருக்குள், இரண்டு தெரு கூடும் இடத்துக்குப் பொருந்தும் விதி. “நான் அவனுக்கு வலப்பக்கம்” என்று சொல்லிக்கொண்டு நெடுஞ்சாலைக்குள் பாய்ந்துவிடாதீர்கள்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் ஏறலாம்? லாரி தூரத்தில் வருகிறது என்றுதான் ஏறுவேன், பார்த்தால் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்.

பெரும்பாலும் கோளாறு இங்கேதான். நேர் எதிரே வருகிற வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளப்பது எல்லாருக்குமே கஷ்டம். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவது மட்டும்தான் தெரியும். அதனால் ஒரு தடவையாவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, நின்ற இடத்திலிருந்து கிளம்பி 60-ஐத் தொட ஒரு சாதாரணச் சின்னக் காரில் எட்டு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டு நொடியில் நீங்கள் கடப்பது ஏறக்குறைய 65 மீட்டர். பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைக்காவிட்டால் 175 மீட்டரைத் தாண்டிவிடுவார். வித்தியாசம் 110 மீட்டர். அதாவது 110 மீட்டர் இடைவெளியில் ஏறினால், நீங்கள் 60-ஐத் தொடுகிற நேரத்தில் அவர் உங்கள் பம்பரைத் தொட்டுக்கொண்டிருப்பார். அவர் மூச்சுவிடவும் கொஞ்சம் இடம் வேண்டும் என்றால் 150 முதல் 200 மீட்டர்.

200 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள நெடுஞ்சாலையிலேயே அளவுகோல் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்களை நட்டிருப்பார்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் 200 மீட்டர். ஒரு நாள் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஒரு கல் பக்கத்தில் நின்றுகொண்டு அடுத்த கல்லைப் பாருங்கள். நாம் ‘ரொம்ப தூரம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு கிட்டே என்று தெரியும்.

மழை பெய்தால், சுமை இருந்தால், ஏற்றத்தில் கிளம்புவதாக இருந்தால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். திருமயம் சாலையில் அடுத்த இடைவெளிக்காக ஒரு நிமிடம் காத்திருப்பதே அதிகம்.

விலக்கில் கருவேலம் மறைக்கிறது, ஒன்றுமே தெரியவில்லை. எப்படி எட்டிப் பார்ப்பது?

சிவகங்கை மாவட்டத்தில் பாதி விலக்குகளின் கதை இது. காரின் முன்மூக்குக்கும் ஓட்டுநர் கண்ணுக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருக்கிறது. நம் கண்ணுக்குச் சாலை தெரிகிற நேரத்தில் பானெட் ஏற்கெனவே சாலைக்குள் போயிருக்கும்.

கோட்டுக்கு முன்னால் முழுதாக நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்குங்கள், பாட்டை நிறுத்துங்கள். வண்டி தெரிவதற்கு முன்னாலேயே டாரஸ் லாரியின் டயர் இரைச்சல் காதுக்கு வந்துவிடும். பிறகு கிளட்சிலேயே ஒரு சாண், ஒரு சாணாக நகர்த்தி, நகர்த்திய ஒவ்வொரு தடவையும் நின்று பாருங்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் போட்ட ஓரப்பட்டை இருக்கும். பல இருவழி நெடுஞ்சாலைகளில் அது ஒன்றரை மீட்டர் அகலமாவது இருக்கும். அங்கே மூக்கு எட்டிப் பார்த்தால் லாரிக்காரர் உங்களைக் கவனிப்பார், அவர் பாதையும் அடைபடாது. ஆனால் அந்தப் பட்டையில்தான் சைக்கிளும் மொபெட்டும் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கூட இருப்பவர் இறங்கிப் பார்த்து “வா, வா” என்று கை காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. ‘வா’ என்று சொல்லி, நம் காதில் விழுந்து, கிளட்ச் விட்டு வண்டி நகர்வதற்குள் மூன்று நொடி போய்விடும். மூன்று நொடியில் லாரி 65 மீட்டர் வந்துவிடுகிறது. “வராதே, நில்லு” என்று சொல்வதற்கு மட்டும் அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மண்சாலை தாரைத் தொடும் இடத்தில் சரளையும் செம்மண்ணும் சிதறிக் கிடக்கும், தார் விளிம்பு நாலு விரல் உயரத்துக்குத் தூக்கியிருக்கும். அதில் சக்கரம் சுற்றினால் கிளம்பும் நேரம் இரட்டிப்பாகும். இரண்டு சக்கர வண்டி என்றால் சரிந்தே போகும். விளிம்பைத் தாண்டித் தாரில் நின்ற பிறகுதான் இடைவெளியைப் பார்க்கத் தொடங்க வேண்டும். பார்த்துவிட்டு அதன்பின் விளிம்பை ஏறினால் போட்ட கணக்கெல்லாம் வீண்.

சாய்வாக வந்து சேரும் தடம் இருந்தால் அங்கேயும் நின்றுதான் ஏற வேண்டுமா?

வேண்டாம். அங்கே நிற்பதுதான் ஆபத்து. பைபாஸ் தொடங்குமிடம், மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோடு சேருமிடம் போன்றவற்றில் மெயின் ரோட்டுக்கு இணையாகக் கொஞ்ச தூரம் தனித் தடம் கொடுத்திருப்பார்கள். அது வேகம் கூட்டுவதற்கான தடம். வலது இண்டிகேட்டரைப் போட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்து, தலையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து, மெயின் ரோட்டின் வேகத்துக்கு வந்துகொண்டே இடைவெளியில் சேர வேண்டும். முன்னுரிமை அப்போதும் உள்ளே போகிறவருக்குத்தான். வேகத்தைச் சரிசெய்துகொள்வது நம் வேலை.

தடத்தின் முடிவு வரை போய் பிரேக் அடித்து நின்றுவிட்டால் பிறகு சுழியத்திலிருந்து கிளம்ப வேண்டும். மேலே போட்ட 200 மீட்டர் கணக்கு திரும்ப வந்துவிடும். பின்னால் வருகிறவரும் நீங்கள் ஏறிவிடுவீர்கள் என்று நம்பி மெயின் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்து இடிப்பார். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வருகிற உறவுக்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு, அங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான். ஆனால் அதே பழக்கத்தில் நம் ஊர் செங்கோண விலக்கில் நிற்காமல் ஏறிவிடுகிறார்கள். எந்த மாதிரிச் சேருமிடம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான் மெயின் ரோட்டில் போகிறேன். ஒருவர் விலக்கில் ரொம்ப நேரமாக நிற்கிறார். நின்று வழிவிடுவதுதானே மரியாதை?

80-ல் ஓடும் சாலையில் நின்று வழிவிடுவது மரியாதை இல்லை என்றுதான் சொல்வேன். கேட்கக் கடுமையாக இருக்கலாம், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

நான்குவழிச் சாலையின் இடது தடத்தில் போகிறீர்கள். விலக்கில் ஒரு பெரியவர், டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் புல்லுக்கட்டு. பாவமாக இருக்கிறது. நிறுத்தி “போங்க” என்று கை காட்டுகிறீர்கள். அவர் உங்களை நம்பிக் கிளம்புகிறார். உங்களுக்குப் பின்னால் வந்த கார்க்காரருக்குப் பெரியவரும் தெரியாது, புல்லுக்கட்டும் தெரியாது. நீங்கள் காரணமில்லாமல் நிற்கிறீர்கள் என்று மட்டும் தெரியும். எரிச்சலோடு வலது தடத்துக்கு மாறி ஆக்சிலரேட்டரை மிதிப்பார். பெரியவர் அந்தத் தடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார். கை காட்டியவருக்கு ஒரு கீறலும் விழாது.

இதற்குப் பதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. விலக்கு வருவதற்கு முன்பே, வலது தடம் காலியாக இருந்தால், இண்டிகேட்டர் போட்டு அதற்கு மாறிவிடுங்கள். ஏறுகிறவருக்கு இடது தடம் முழுதாகக் கிடைக்கும். மாற முடியாவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஐந்து பத்து கிலோமீட்டர் வேகம் குறைந்தாலே முன்னால் இடைவெளி திறக்கும், பின்னால் வருகிறவருக்கும் திடுக்கிடல் இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் ஒரே சீரான வேகத்தில் போய்விடுங்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நிற்கிறவருக்குத் தெரிந்தாலே போதும், உங்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியை அவரே எடுத்துக்கொள்வார்.

போக்குவரத்து நகர்ந்து நகர்ந்து போகிற இடத்தில் கதை வேறு. காரைக்குடிக்குள் செக்காலை ரோட்டில் மாலை ஆறு மணிக்கு ஒரு காரை உள்ளே விடுவதில் யாருக்கும் ஆபத்தில்லை. அங்கே மறிக்கிறவரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஒருவன் ஏறுவதைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டி இடைவெளியை அடைக்கிறார்களே, முன்னுரிமை அவர்களுக்குத்தான் என்றால் அது சரிதானா?

சரியில்லை. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, யாருக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்த பின்பே நுழைய வேண்டும் என்பது மெயின் ரோட்டில் வருகிறவருக்கும் சேர்த்துத்தான். முன்னுரிமை இருக்கிறது என்பதற்காக, ஏற்கெனவே ஏறிவிட்டவரை முட்டித் தள்ள உரிமை வந்துவிடாது.

எதிரே வருகிறவர் லைட் அடித்தால் ‘நீ போ’ என்றா, ‘நான் வருகிறேன்’ என்றா?

நம் ஊரில் ‘நான் வருகிறேன், நில்’. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அதுதான் என்று வைத்துக்கொண்டால் உயிரோடு இருக்கலாம். பிரிட்டன் மாதிரியான இடங்களில் நடைமுறையில் ‘நீ போ’ என்று லைட் அடிக்கும் பழக்கம் உண்டு. அங்கே பழகியவர் இங்கே வந்து இதைத் தப்பாகப் படிப்பதும், அவரைப் பார்த்து நாம் தப்பாகப் படிப்பதும் நடக்கிறது. லைட்டுக்கு விதியில் சம்மதம் என்ற பொருள் கிடையாது. ‘இங்கே ஒரு வண்டி இருக்கிறது’ என்பதற்கு மேல் அதில் எதையும் படிக்காதீர்கள். வண்டி நிஜமாகவே வேகம் குறைகிறதா என்று பாருங்கள். முன்பக்கம் லேசாகக் குனிந்தால் பிரேக் பிடிக்கிறார் என்று அர்த்தம்.

லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போடுகிறார். திரும்புகிறாரா, என்னை ஓவர்டேக் செய்யச் சொல்கிறாரா?

இரண்டுமாக இருக்கலாம், அதுதான் தொல்லை. ‘முந்திக்கொள்’ என்பதற்கு வலது இண்டிகேட்டர் போடுவது லாரி வழக்கம், விதி அல்ல. விலக்கு பக்கத்தில் இருக்கும்போது அதைத் ‘திரும்புகிறார்’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டி விலக்கில் ஒரு லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் அதன் வலப்பக்கம் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டு ‘நேராகப் போகிறேன்’ என்று காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். வலப்பக்கம் நிற்பவர் வலது என்று நினைப்பார், இடப்பக்கம் நிற்பவர் இடது என்று நினைப்பார். நேராகப் போக எந்த இண்டிகேட்டரும் வேண்டியதில்லை. நாலும் சேர்ந்து எரிவது வண்டி ஓரத்தில் பழுதாகி நிற்கும்போது.

வலப்பக்கம் திரும்பி ஏற வேண்டும். மீடியன் நடுவே இடைவெளி இருக்கிறது. எப்படி?

இரண்டு தனித்தனி வேலையாகச் செய்ய வேண்டும். முதல் பாதியைக் கடப்பதற்கு வலப்பக்கத்து வண்டிகளைப் பாருங்கள். மீடியனில் உங்கள் வண்டி முழுதாக அடங்குமா என்று பாருங்கள். அடங்கும் என்றால் அங்கே நின்று, அடுத்த பாதியில் இடப்பக்கத்திலிருந்து வருகிறவர்களைப் பார்த்துவிட்டு ஏறலாம். அடங்காது என்றால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் காலியாகும் வரை கிளம்பக் கூடாது. டிரெய்லர் மாட்டிய டிராக்டர் எந்த மீடியனிலும் அடங்காது. அதன் வால் பகுதி வலது தடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும், சாயங்கால வெளிச்சத்தில் அது கண்ணில் படாது.

இதில் இன்னொரு தொந்தரவு, ஏறிய உடனே வலது தடத்தில்தான் போய்ச் சேர்வோம். அதுதான் முந்துகிறவர்களின் தடம், வேகம் அதிகமாக இருக்கும். கூட்டமாக இருந்தால் என் யோசனை, இடப்பக்கம் ஏறி, கொஞ்ச தூரம் போய், யூ டர்ன் எடுத்து வாருங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் கூடும்.

அந்த யூ டர்ன் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே. ஓரமாக ராங் சைடில் போனால் என்ன?

விலக்கில் நிற்கிற ஆள் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று யோசியுங்கள். இடப்பக்கம் திரும்பி ஏறுகிறவர் வலப்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார், வண்டி அங்கிருந்துதானே வர வேண்டும். நீங்கள் இடப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அவர் கண் உங்கள் பக்கம் திரும்பவே திரும்பாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவதை 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

யூ டர்னை இவ்வளவு தள்ளி வைத்தது சரியா என்று கேட்டால், பல ஊர்களில் சரியில்லைதான். வயல் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்று இருக்கிறவருக்கு அது நியாயமான வருத்தம். அதைப் பஞ்சாயத்து மூலமாக நெடுஞ்சாலைத் துறையிடம் மனுவாகக் கொடுக்கலாம்.

மொபெட், சைக்கிள், டிராக்டர் எல்லாம் அந்த வேகத்துக்கு வரவே முடியாதே, அவர்கள் எப்படி ஏறுவது?

மொபெட்டும் சைக்கிளும் ஓடும் தடத்துக்குள் ஏற வேண்டியதே இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஓரப்பட்டையில் ஏறி அதிலேயே போகலாம். அந்தப் பட்டையில் நெல் காயப்போடுவதும், இளநீர்க் கடைக்காகக் காரை நிறுத்துவதும்தான் அவர்களை உள்ளே தள்ளிவிடுகின்றன.

டிராக்டரும், தைலமரக் கட்டை ஏற்றிய லாரியும் வேறு வழியில்லாமல் தடத்தில்தான் ஏற வேண்டும். இவர்களுக்கு 200 மீட்டர் போதாது, அதைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். பகலிலேயே ஏறிவிடுவது நல்லது. டிரெய்லரின் பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும், எரிகிற பின்விளக்கும் இருக்க வேண்டும். கட்டை லோடு பலகையைத் தாண்டி நீட்டியிருக்கும்போது விளக்கே மறைந்துவிடுகிறது, அதைக் கிளம்புமுன் இறங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் வருகிற கார்க்காரருக்கும் ஒரு வார்த்தை. அந்த டிரைவர் ஏற முடிந்த ஒரே இடைவெளி அதுதான், ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே வருவதால் டிராக்டர் வேகமாக ஓடிவிடாது.

டவுன் பஸ் ஸ்டாப்பிலிருந்து சட்டென்று வெளியே வருகிறதே?

ஓரத்திலிருந்து கிளம்புகிற வண்டிதான் பார்த்துக் கிளம்ப வேண்டும், பஸ்ஸும் அப்படித்தான். ஆனால் நின்ற பஸ்ஸின் வலது இண்டிகேட்டர் எரிந்தால், ஐம்பது பேர் உள்ளே இருக்கிறார்கள், விட்டுக்கொடுங்கள் என்பேன். அதைவிட முக்கியம், நிற்கிற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து இறங்கிய பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறது, நான் ஏறும் இடத்தில் நிற்கிறேன். என்ன செய்வது?

நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஏறாதீர்கள். மெயின் ரோட்டில் 108 வந்தால் அது போகும் வரை அந்த இடைவெளி உங்களுடையது இல்லை. உங்களுக்குப் பின்னாலேயே கிளைச் சாலையில் வந்தால், பதறிப் போய் மெயின் ரோட்டுக்குள் பாயாமல், இடப்பக்க ஓரத்தில் ஒதுங்கி அதை முன்னால் விடுங்கள். அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் 194E பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை முழுக்க இருப்பார்கள். அப்போது?

பழநிக்கு நடக்கிறவர்கள் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகும் அந்த நாட்களில் மேலே சொன்ன இடைவெளிக் கணக்கெல்லாம் மாறிவிடும். நடப்பவர்கள் ஓரப்பட்டையை எடுத்துக்கொள்வார்கள், மொபெட்கள் தடத்துக்குள் வரும், கார்கள் வலது தடத்துக்குத் தள்ளப்படும். நகரத்தார் காவடியோடு வண்டிகளும் வரும். விடியற்காலையில்தான் கூட்டம் அதிகமாக நடக்கும், பனியும் அப்போதுதான் இறங்கும். ஏறுகிறவர் ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, நடக்கிறவர்கள் கடந்த பிறகு ஏற வேண்டும். கூட்டத்துக்கு நடுவே ஹாரன் அடித்துப் பிளந்துகொண்டு போகக் கூடாது. முடிந்தால் அந்த ஓரிரு நாட்கள் வேறு வழியில் போங்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று இன்னொரு மாதிரி. சாலையோரம் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிடுவதால் விலக்கில் நிற்பவருக்கு எதுவுமே தெரியாது. கட்டவிழ்த்த காளை சாலைக்கு வந்தால் அதற்கு முன்னுரிமை கொடுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாலை வேலை நடக்கிறது, இரண்டு தடம் ஒன்றாகிறது. முன்கூட்டியே வரிசையில் சேர்வதா, கடைசி வரை போய்ச் சேர்வதா?

கூட்டம் குறைவாக, வேகமாக ஓடினால் முன்கூட்டியே சேருங்கள். வரிசை கட்டி நகர்ந்தால் இரண்டு தடத்தையும் கடைசி வரை பயன்படுத்தி, முடியும் இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போவதுதான் சரியான முறை. ஜெர்மனியில் இதைச் சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வரிசையின் நீளம் பாதியாகும், பின்னால் உள்ள விலக்குகள் அடைபடாது.

நம் ஊரில் கடைசி வரை போகிறவரை ‘குறுக்கே புகுகிறவன்’ என்று பார்க்கிறார்கள். மூன்றாவது தடமாக ஓரப்பட்டையில் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறவரைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் அது. ஓரப்பட்டையில் வருகிறவர் வேறு, திறந்திருக்கும் தடத்தில் வருகிறவர் வேறு. சுங்கச்சாவடி தாண்டி பல தடம் இரண்டாகக் குறையும் இடத்திலும் ஒன்று விட்டு ஒன்று போனால் சண்டையே வராது.

இரவில் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஒற்றை விளக்கு தெரிந்தால் பைக் என்று நினைக்காதீர்கள், ஒரு கண் போன லாரியாக இருக்கலாம். விலக்கில் நிற்கும்போது நீங்களும் டிம்மில் வையுங்கள். உங்கள் வெளிச்சம் நேராக வருகிறவர் கண்ணில் அடித்தால், அவரால் உங்கள் வண்டி எங்கே முடிகிறது என்று பார்க்க முடியாது. விளக்கே இல்லாமல் மாடுகளும் சைக்கிள்களும் ஓரத்தில் வரும் என்பதால் ஏறும் திசையையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பின்னால் நிற்கிறவன் “ஏறு, ஏறு” என்று ஹாரன் அடிக்கிறான். என்ன செய்ய?

ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் நிற்கும் இடத்திலிருந்து மெயின் ரோடு தெரியாது.

ஏறும்போது மோதிவிட்டால் தப்பு முழுக்க ஏறியவர் மேல்தானா?

பெரும்பாலும் முதல் கேள்வி அவரிடம்தான் வரும், வழிவிட வேண்டியவர் அவர் என்பதால். ஆனால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் இரண்டு பக்கத்து அலட்சியத்தையும் பார்த்துப் பங்கு பிரிப்பதுண்டு. மெயின் ரோட்டில் வந்தவர் அதிவேகமாக வந்தாரா, விளக்கு எரிந்ததா, இடப்பக்கமாக முந்தினாரா, ஏறியவர் எவ்வளவு தூரம் ஏறியிருந்தார் என்பதெல்லாம் கணக்கில் வரும். பக்கவாட்டில் அடிபட்டதா, பின்பக்கம் அடிபட்டதா என்பதே நிறையச் சொல்லிவிடும். அதனால் யாருக்கும் காயமில்லை என்றால், வண்டிகளை ஓரத்துக்கு நகர்த்துமுன் நின்ற நிலையில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விலக்குப் பலகையும், கோடும், பிரேக் பிடித்த டயர் தடமும் அதில் விழ வேண்டும். காயம் இருந்தால் போட்டோ அப்புறம், முதலில் 108.